முதலாண்டு நாட்குறிப்பு: விளக்கணையாத விடுதி

ஆகஸ்ட் 9

வகுப்புகள் தொடங்கிவிட்டன. முதல் வகுப்பு காலை எட்டரை மணிக்கு. விடுதியில் பெரும்பாலான அறைகளில் விளக்கு அணைவதோ நள்ளிரவு தாண்டி ஒன்றரை, இரண்டு மணிக்கு. இன்று வேதியியல் வகுப்பின் பின்வரிசையில் பாதிப்பேர் கண்களைத் திறந்துகொண்டே தூங்கினார்கள் என்றால் மிகையாகாது. இந்தத் தலைமுறைக்குக் கட்டுப்பாடே இல்லை என்று பேராசிரியர் கடிந்துகொண்டார். கைபேசிக்கு இதில் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உடலுக்கும் பங்கு உண்டு. பதின்பருவம் தொடங்கியதும், இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு அறிவிக்கும் மெலடோனின் சுரப்பு ஆண்டுக்காண்டு தாமதமாகிக்கொண்டே போகிறது. ஏறத்தாழ இருபது வயதில் இந்தத் தாமதம் உச்சத்தைத் தொடுகிறது என்பதையும், அதன் பிறகே மனிதர்கள் மறுபடியும் முன்னதாக உறங்கத் தொடங்குகிறார்கள் என்பதையும், டில் ரோன்னபெர்க் என்ற ஜெர்மானிய ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பல்லாயிரம் பேரின் உறக்கப் பழக்கங்களைத் தொகுத்து 2004ஆம் ஆண்டில் எழுதினார்கள். வாழ்நாளிலேயே மிகத் தாமதமாக உறக்கம் வருகிற வயதில்தான் நாங்கள் எல்லோரும் இங்கே வந்து சேர்ந்திருக்கிறோம். கால அட்டவணையை வகுப்பவர்களோ அந்த வயதைக் கடந்து வெகுகாலம் ஆனவர்கள்.

ஆகஸ்ட் 24

விருப்பப்பாடமாக உளவியலை எடுத்தது நல்லதாயிற்று. இன்று நினைவாற்றலைப் பற்றிய முதல் பாடம். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் பொருளற்ற அசைகளின் பட்டியல்களைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்பதை அளந்து 1885இல் வெளியிட்டார். கற்றதில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்திற்குள் கைநழுவிவிடுகிறது என்பதும், அதன் பிறகு மறதியின் வேகம் குறைகிறது என்பதும் அவர் கண்டவை. பொருளுள்ள பாடம் இவ்வளவு விரைவாக மறப்பதில்லை என்றாலும், மறதியை வரைந்து பார்த்தால் கிடைக்கும் வளைகோட்டின் வடிவம் ஏறக்குறைய அதுவேதான்.

அதைவிட என்னை உலுக்கியது 2006இல் ரோடிகர், கார்பிக் ஆகிய இருவரும் மாணவர்களைக் கொண்டு நடத்திய சோதனை. ஒரு பிரிவினர் ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றொரு பிரிவினர் ஒருமுறை படித்த பின் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாகிவிட்டது. திரும்பப் படிக்கும்போது வரிகள் பழக்கமாகிவிடுவதால் பாடம் தெரிந்துவிட்டதுபோல் ஒரு மயக்கம் உண்டாகிறது. பள்ளியில் எங்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் வளர்த்தது அந்த மயக்கம்தான் என்று அறைத்தோழியிடம் சொன்னேன். "அதை வைத்துத்தானே இங்கே இடம் வாங்கினோம்" என்றாள் அவள். மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 6

வருகைப்பதிவு குறைந்தவர்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். வகுப்பில் உடல் இருந்ததா என்பதற்கு மட்டும் ஏடு வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 19

அகமதிப்பீட்டுத் தேர்வுகள் நடக்கின்றன. இரவு முழுவதும் விழித்திருந்து படிப்பது இங்கே ஏறக்குறைய ஒரு விருது, காலையில் சிவந்த கண்களோடு வருகிறவளைப் பார்த்து, "கண்ணே மூடவில்லையா?" என்று மற்றவர்கள் வியப்போடு கேட்கிறார்கள். நன்றாக உறங்கி எழுந்து வந்தவளை அப்படி யாரும் வியப்பதில்லை. அவள் படிக்கவில்லை என்றே எண்ணிக்கொள்கிறார்கள்.

உயிர்வேதியியல் பாடத்தில் இந்த வாரம் அடினோசின் வந்தது தற்செயல்தான் என்றாலும் பொருத்தமாக அமைந்தது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது தன் ஏற்பிகளில், அதாவது மூளைச் செல்களில் அதைப் பற்றிக்கொள்ளும் இடங்களில், ஒட்டும்போது உறக்க அழுத்தம் கூடுகிறது. காபியில் உள்ள கஃபீன் அந்த ஏற்பிகளில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறதே தவிர, சேர்ந்திருக்கும் அடினோசினை அகற்றுவதில்லை. களைப்பு அப்படியே இருக்கிறது. அதைப் பற்றிய செய்தி மட்டும் தடுக்கப்படுகிறது. உட்கொண்ட கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதும், இது ஆளுக்கு ஆள் வெகுவாக மாறுபடும் என்பதும் பாடத்தில் இருந்தன. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு எடுத்துக்கொண்ட 400 மில்லிகிராம் கஃபீனே உறக்கத்தில் ஒரு மணி நேரத்திற்கு மேல் குறைத்துவிட்டது. இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த மேசையில் காபிக் கோப்பைகள் வரிசையாக நின்றன என்பதையும் குறித்து வைக்கிறேன்.

தேர்வுக் கூடத்துக்கு நாங்கள் எந்த நிலையில் போகிறோம் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று டாசன், ரீட் ஆகியோர் 1997இல் காட்டினார்கள். பல நாடுகளில் அந்த அளவு மதுவோடு வாகனம் ஓட்டுவது குற்றம். அதே நிலையில் நுண்கணிதத் தேர்வு எழுதுவதோ விடாமுயற்சி.

இழப்பு தேர்வு நாளோடு முடிந்துவிடுவதும் இல்லை. ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் 1924இலேயே இரண்டு மாணவர்களைக் கொண்டு சோதித்து, படித்தபின் உறங்கினால் விழித்திருப்பதைவிடக் குறைவாக மறக்கிறது என்று கண்டார்கள். பகலில் கற்றதை உறங்கும் மூளை மறுபடியும் ஓட்டிப் பார்த்து நிலைப்படுத்துகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் தெளிவாக்கின. அப்படியானால் இரவு முழுவதும் படிப்பவள், படிப்பின் இரண்டாம் பாதியை விற்று முதல் பாதியை வாங்குகிறாள். இதை உளவியல் பேராசிரியரிடம் கேட்டேன். எதுவுமே படிக்காதவர்களுக்கு அந்த ஓர் இரவு மதிப்பெண் தரத்தான் செய்யும் என்றும், இரண்டு வாரம் கழித்து அதே வினாத்தாளைக் கொடுத்தால் உண்மை வெளிப்படும் என்றும், ஆனால் எந்தக் கல்லூரியும் அப்படிக் கொடுப்பதில்லை என்றும் சொன்னார்.

செப்டம்பர் 28

தேர்வு முடிந்த கையோடு விடுதியில் சளியும் காய்ச்சலும் பரவியிருக்கின்றன. நெருக்கமாக வாழ்கிறோம், ஒரே கதவுப் பிடிகளைத் தொடுகிறோம். கிருமி பரவ இதுவே போதும். ஆயினும் காலம் இப்படி ஒத்துப்போவதில் உறக்கத்துக்கும் பங்கு இருக்கலாம். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், 164 பேரின் உறக்கத்தை ஒரு வாரம் அளந்த பிறகு அவர்களின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டுமருந்துபோல் விட்டார்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் உறங்கியவர்களைவிட, ஆறு மணி நேரத்துக்கும் குறைவாக உறங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு அதிகமாக இருந்தது.

அக்டோபர் 11

எதிர் அறை மாணவி இரண்டாவது வாரமாக வகுப்புக்கு வரவில்லை. பகலில் உறக்கம், இரவில் விழிப்பு. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். எங்கள் பகுதியில் தங்கியிருக்கும் மூன்றாமாண்டு அக்காதான் அவளோடு உட்கார்ந்து பேசி, கல்லூரியின் ஆலோசகரிடம் அழைத்துச் சென்றார். "அவளைப் போகச் சொல்லாதீர்கள், கூடப் போங்கள்" என்று எங்களிடம் அவர் சொன்னது பயனுள்ள சொல். உலக சுகாதார நிறுவனத்தின் முன்னெடுப்பில் எட்டு நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 14,000 முதலாண்டு மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வு, பதற்றம் போன்ற ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றின் அறிகுறிகள் இருந்தன. எங்கள் வகுப்பின் வரிசைகளைப் பார்க்கும்போது அந்த எண் வேறு விதமாகத் தெரிகிறது.

உறக்கமின்மையால் மனச்சோர்வா, மனச்சோர்வால் உறக்கமின்மையா என்று நானும் அறைத்தோழியும் நெடுநேரம் வாதிட்டோம். ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது என்பதே மருத்துவர்கள் சொல்வது. நன்றாகத் தூங்கு, எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த மாணவியிடம் சிலர் அறிவுரை கூறியதை நான் ஏற்கவில்லை. நோயின் அறிகுறியையே மருந்தாக எடுத்துக்கொள்ளச் சொல்வதில் என்ன பயன்?

அக்டோபர் 26

இணையவழி ஒப்படைப்புகளுக்கு எங்கள் துறையில் கடைசி நேரம் இரவு 11.59. நிர்வாகத்துக்கு அது ஒரு நாளின் முடிவு. எங்களுக்கோ அது, பத்து மணிக்கு மேல் வேலையைத் தொடங்கலாம் என்ற அனுமதி. அனுப்பி முடித்த பரபரப்பு அடங்கவே மேலும் ஒரு மணி நேரம் ஆகிறது. இதை மாலை ஐந்து மணிக்கு மாற்றக் கோரி ஒரு விண்ணப்பம் எழுதினேன். எதிர்ப்பு ஆசிரியர்களிடமிருந்து வரும் என்று நினைத்திருந்தேன், மாணவர்களிடமிருந்தே வந்தது. மாலையில் பகுதிநேர வேலைக்குச் செல்லும் இருவர், தங்களுக்கு இரவு மட்டுமே கிடைக்கிறது என்றார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருந்ததால், வேலைக்குச் செல்பவர்கள் முன்கூட்டியே தெரிவித்தால் மறுநாள் காலைவரை நேரம் தரலாம் என்று ஒரு வரியைச் சேர்த்தேன். இரவில்தான் மூளை வேலை செய்கிறது என்று வாதிட்டவர்களுக்காக எதையும் சேர்க்கவில்லை.

நவம்பர் 8

விண்ணப்பத்தைத் துறைத்தலைவர் பொறுமையாகப் படித்தார். இந்த செமஸ்டரில் எதையும் மாற்ற இயலாது என்றும், அடுத்த செமஸ்டரில் ஒரே ஒரு பாடத்தில் சோதித்துப் பார்க்கலாம் என்றும் கூறினார். அதோடு சேர்த்து நான் வைத்த, முதல் வகுப்பை ஒன்பதரை மணிக்குத் தள்ளிவைக்கும் கோரிக்கையை, ஆய்வகங்களின் நேர நெருக்கடியைக் காட்டி அங்கேயே நிராகரித்துவிட்டார். எந்தப் பாடத்தில் சோதிப்பது என்பதை மாணவர்களே முடிவு செய்ய வேண்டும். வாக்கெடுப்பு திங்கட்கிழமை, நுண்கணிதத்துக்கு ஆதரவு திரட்டிக்கொண்டிருக்கிறேன்.