ஷூ லேஸ் ஏன் அவிழ்கிறது, மண் ஏன் மணக்கிறது

சில வாரங்களுக்கு முன் காலை நடையின்போது, இறுக்கிக் கட்டியிருந்த என் வலது ஷூவின் லேஸ் பாதி வழியில் அவிழ்ந்துவிட்டது. அரை மணி நேரம் அசையாமல் இருந்த முடிச்சு, கடைசிச் சில அடிகளுக்குள் எப்படி முழுவதும் பிரிந்தது என்று குனிந்து கட்டும்போதே யோசித்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோது, இதற்கான தெளிவான விளக்கமே 2017-இல்தான் வெளிவந்திருக்கிறது என்று தெரிந்து உண்மையாகவே வியந்துபோனேன்.

பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலிவர் ஓ'ரெய்லியும் அவருடைய மாணவர்கள் இருவரும், டிரெட்மில்லில் ஓடுபவரின் ஷூவை அதிவேகக் கேமராவால் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். பாதம் தரையில் மோதும் ஒவ்வொரு முறையும் புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 7 மடங்கு வேகமாற்றம் முடிச்சைத் தாக்க, அது விரிந்து சுருங்கிச் சிறிது சிறிதாகத் தளர்கிறது. அதே நேரத்தில் முன்னும் பின்னும் வீசும் கால், லேஸின் தொங்கும் நுனிகளை யாரோ கையால் பிடித்து இழுப்பதைப்போல வெளியே இழுக்கிறது. உட்கார்ந்தபடி காலை மட்டும் ஆட்டியபோதும், நின்ற இடத்திலேயே தரையில் ஓங்கி மிதித்தபோதும் முடிச்சு அவிழவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் அவிழ்கிறது. தளர்ச்சி ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் ஓரிரு அடிகளிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது.

இதைப் படித்த பிறகு என் முடிச்சைக் கவனித்துப் பார்த்தேன். கட்டி முடித்ததும் இரு வளையங்களும் பாதத்தின் நீளவாக்கில் திரும்பி நின்றன. அது வலுவற்ற முடிச்சின் அடையாளம். இரண்டாவது சுற்றை எதிர்ப்பக்கமாகப் போட்டால் வளையங்கள் குறுக்காகப் படிகின்றன. வலுவான அந்த முடிச்சும் அவிழக்கூடியதுதான் என்றாலும், அவ்வளவு விரைவில் அவிழ்வதில்லை.

இதேபோல் அண்மையில்தான் விளக்கம் கிடைத்த வேறு அன்றாட நிகழ்வுகளையும் தேடிப் படித்தேன். உரசினால் மின்னூட்டம் உண்டாவது பழங்காலத்திலிருந்தே அறியப்பட்ட செய்தி. ஆனால் ஒரே பொருளால் ஆன இரண்டு துண்டுகள் ஒன்றையொன்று தொடும்போது எது நேர் மின்னூட்டம் பெறும், எது எதிர் மின்னூட்டம் பெறும் என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறிக் குழப்பிக்கொண்டே இருந்தது. 2025-இல் ஆஸ்திரிய அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள், அந்தத் துண்டு அதற்கு முன் எத்தனை முறை தொடப்பட்டது என்பதே இதைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார்கள். ஏறக்குறைய 200 தொடுகைகளுக்குப் பின், குழப்பமாக இருந்த சிலிக்கோன் துண்டுகள் தாமாகவே ஓர் ஒழுங்குக்கு வந்தன. அதிகம் தொடப்பட்டது எதிர் மின்னூட்டம் பெற்றது.

என்னை நெடுநேரம் பிடித்து வைத்தது மண்வாசனை. 1964-இல் ஆஸ்திரேலியாவின் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் ஆகிய இருவர் இதற்குப் பெட்ரிக்கோர் என்று பெயரிட்டு, வறண்ட நாட்களில் பாறையிலும் மண்ணிலும் படிந்த தாவர எண்ணெய்கள் மழையின்போது வெளிப்படுகின்றன என்று விளக்கினார்கள். இதனுடன் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உருவாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும் சேர்கிறது. ஒரு லட்சம் கோடிப் பங்கில் சில பங்குகள் இருந்தாலே நம் மூக்கு அதை உணர்ந்துவிடும். எனினும், தரையில் இருக்கும் மணம் எப்படி மூக்குவரை ஏறி வருகிறது என்பதை 2015-இல்தான் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்ணால் காட்டினார்கள். 28 வகைப் பரப்புகளில் ஏறக்குறைய 600 சோதனைகள் செய்து அவர்கள் எடுத்த அதிவேகப் படங்களில், துளைகள் நிறைந்த தரையில் விழுந்த துளி தட்டையாகப் பரவுகிறது. அதனடியில் சிக்கிய காற்று நுண்குமிழிகளாகித் துளியினூடே மேலேறி, சோடாவின் நுரை தெறிப்பதைப்போல் வெடித்து, தரையில் இருந்தவற்றைக் கண்ணுக்குத் தெரியாத தூவல்களாகக் காற்றில் எறிகிறது. துளி மிக வேகமாக மோதினால் குமிழி உருவாகவே நேரம் கிடைப்பதில்லை. சாரலில் எழும் மணம் பெருமழையில் ஏன் இருப்பதில்லை என்ற என் நெடுநாள் கேள்விக்கு இங்கேதான் விடை கிடைத்தது. அதே குழு 2017-இல், இத்தூவல்களில் மண்ணின் பாக்டீரியாக்களும் பயணம் செய்கின்றன என்றும், ஒரு மணி நேரத்துக்கு மேலும் அவை உயிரோடு இருக்கக்கூடும் என்றும் கண்டறிந்தது.

அந்த நுண்ணுயிர்கள் எதற்காக ஜியோஸ்மினை உருவாக்குகின்றன என்பதற்கு 2020-இல் ஒரு பதில் வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைத் தந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் பேரினத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள், வித்துகளை உருவாக்கும் வேளையில் இந்த மணத்தை வெளியிடுகின்றன. வாலடியில் உள்ள ஓர் உறுப்பை உந்தித் துள்ளும், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஆறுகால் சிற்றுயிர்கள் அதை முகர்ந்து தேடி வந்து, பாக்டீரியாவை உண்டு, உடலில் ஒட்டிய வித்துகளையும் கழிவில் வெளியேறும் வித்துகளையும் வேறிடங்களுக்குக் கொண்டு செல்கின்றன. முதல் துளிகள் விழும்போது நான் ஆழ்ந்து இழுக்கும் மூச்சில், மண்ணுக்குள் அந்தச் சிற்றுயிர்களை வரவழைக்கும் அதே மணம்தான் கலந்திருக்கிறது.