மீன் வண்டி மேல் ஒரு வீடு

5 ஜனவரி 2025, ஞாயிறு

வண்டி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. 2013 மாடல் பொலிரோ கேம்பர், டபுள் கேபின். வாங்கிய நாளிலிருந்து கடலூர் துறைமுகத்தில் மீன் ஏற்றிய வண்டி. தெரு நாய்கள் எல்லாம் மோப்பம் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தன.

இதன் மேல் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு பெட்டி வீடு. நானும் வீட்டுக்காரம்மாவும் அதில் மாதக்கணக்கில் ஊர் சுற்றுவதாகத் திட்டம். முதல் சுற்று புதுச்சேரி மாநிலத்தின் நாலு துண்டுகளும்: புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம். அப்புறம் ஏனாமிலிருந்து அப்படியே கடற்கரை ஓரமாக ஒடிசா. டெல்லி மட்டும் கிடையாது. 10 வருடம் தாண்டிய டீசல் வண்டி அங்கே ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. குளிர் நமக்கு ஆகாது, அதனால் வருத்தமில்லை.

"புது வண்டியே எடுக்கலாமேப்பா" என்று மகன் போனில் கேட்டான். பழசுதான் வேண்டும் என்று தேடி எடுத்தேன். 2,523 சிசி டர்போ டீசல், மெக்கானிக்கல் பம்ப். சென்சாரும் கம்ப்யூட்டரும் வைத்து நம்மை நடு ரோட்டில் நிறுத்துகிற வேலை இதற்குத் தெரியாது. ஸ்ரீகாகுளத்தில் படுத்துக்கொண்டாலும் டிராக்டர் பார்க்கிற மெக்கானிக் ஒருவர் போதும்.

9 ஜனவரி, வியாழன்

வண்டியை ராம்ப்பில் ஏற்றிப் பார்த்தோம். மீன் வண்டிக்கு எதிரி ரோடு இல்லை, ஐஸ் தண்ணீர். உப்பு கலந்த அந்தத் தண்ணீர் பின் பாடியின் பலகை இடுக்கு வழியாக நாள் முழுக்கச் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். முன்பக்கம், என்ஜின் பக்கம் எல்லாம் 2013-ஐவிட இளமையாக இருக்கிறது. பின் சக்கரத்துக்குப் பின்னால் கதை வேறு.

மெக்கானிக் அண்ணன் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துச் சேசிஸைத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இரும்பு 'டங்' என்றது. கடைசிக் குறுக்குச் சட்டத்தில் 'டொக்'. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார், பாதி வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது துருவோடு வெள்ளையாக உப்பும் உதிர்ந்தது. "இது பரவால்லண்ணே, குறுக்குச் சட்டம் மாத்திக்கலாம். நீளச் சட்டம் போயிருந்தா வண்டியே வேணாம்னு சொல்லியிருப்பேன்" என்றார். இரண்டு நீளச் சட்டங்களையும் அங்குலம் அங்குலமாகத் தட்டினோம். 'டங்'தான்.

20 ஜனவரி, திங்கள்

பொங்கல் முடிந்து பட்டறை திறந்ததும் முதல் வேலை நம்முடையது. குறுக்குச் சட்டம் மாற்றியாயிற்று. வெல்டிங் வைப்பதற்கு முன்பு பேட்டரி நெகட்டிவையும், பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரின் ஒயரையும் கழற்றச் சொன்னேன். இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் உள்ளே இருக்கும் டயோடு போய்விடும். சேசிஸ் நம்பர் அடித்த இடத்தில் கிரைண்டர் படக் கூடாது என்று சாக்பீஸால் பெரிய வட்டம் போட்டுவிட்டு வந்தேன். அந்த நம்பர் தேய்ந்தால் எப்.சி.யில் (ஆர்.டி.ஓ. ஆபீஸ் தகுதிச் சோதனை) யாருக்கும் பதில் சொல்ல முடியாது.

கம்பி பிரஷ், துருவை மாற்றுகிற கெமிக்கல், இரண்டு கோட் ஜிங்க் பிரைமர், மேலே கருப்பு. பெட்டி போல மூடிய சேசிஸ் சட்டத்தின் உட்புறத்துக்கு நீளக் குழாய் வைத்து மெழுகு எண்ணெய் அடித்தோம். வெளியில் பெயின்ட் அடித்துவிட்டு உள்ளே விட்டுவிட்டால் துரு உள்ளிருந்து வரும். கடற்கரை ஊர்க்காரனுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

பின் ஆக்சில் (அச்சு) நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியின், அதாவது டிஃபரன்ஷியலின் ஆயிலை இறக்கினோம். பால் விட்ட டீ போல வந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். நவம்பர் 30 பெஞ்சல் புயல், அதற்கடுத்துத் தென்பெண்ணை வெள்ளம். வண்டி எங்கேயோ அச்சு முங்க நின்றிருக்கிறது. விற்றவர் "தண்ணியே படலண்ணே" என்று சொன்னது ஞாபகம் வந்தது. கடலூரில் டிசம்பரில் தண்ணீர் படாத வண்டியா!

ஆக்சிலுக்கு மேலே பிரீதர் என்று ஒரு மூச்சுத் துளை இருக்கும். சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, அந்தத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். துளையில் ஒரு டியூபை மாட்டி, டீசல் மூடி உயரத்துக்கு ஏற்றிக் கட்டிவிட்டோம். செலவு இருநூறு ரூபாய்க்குள். பேரிங்கில் சேதமில்லை. புது ஆயில் ஊற்றி, கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி மாற்ற வேண்டும்.

பிரேக்கைத் திறந்தால் பின் லைனர் இரண்டும் ஆயிலில் ஊறிக் கிடக்கின்றன. ஆக்சில் ஆயில் சீல், வீல் சிலிண்டர், லைனர் எல்லாம் புதுசு. பின் பாடியில் பாரம் ஏறியதும் பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடுகிற வால்வு ஒன்று உண்டு. அதன் கம்பி துருப்பிடித்து இறுகியதும் யாரோ அதைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டிருக்கிறார்கள். பெரும்பாலான பழைய பிக்கப்பில் இந்தக் கதிதான். எப்போதும் பாரத்தோடு போகப்போகிற வண்டிக்கு இது ரொம்ப முக்கியம். வால்வை மாற்றச் சொன்னேன்.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். பட்டறையில் பாதிப் பேர் வடலூர் ஜோதி பார்க்கப் போய்விட்டார்கள். டயரை மட்டும் பார்த்தேன். பக்கவாட்டில் நாலு இலக்கம்: 1517. 2017-ஆம் வருடம் 15-ஆவது வாரம் செய்தது. பட்டன் (ரோட்டில் படுகிற மேடு) நன்றாக இருந்தாலும் ரப்பர் வெடித்திருக்கிறது. ஐந்தையும் மாற்ற வேண்டும், ஸ்டெப்னி சேர்த்து.

23 பிப்ரவரி, ஞாயிறு

இன்று கமான் (பாரம் தாங்கும் பட்டை ஸ்பிரிங்) பட்டறையில் சண்டை. சண்டை என்றால் டீ குடித்துக்கொண்டே போடுகிற சண்டை.

பழைய முதலாளி இரண்டு டன் ஏற்றுவதற்காகக் கூடுதல் பட்டை போட்டு வைத்திருக்கிறார். "வீடே ஏத்தப் போறீங்க, இன்னும் ஒண்ணு போட்டுக்கலாம் சார்" என்கிறார் கமான் பட்டறைக்காரர். நான் இருப்பதையும் எடுக்கச் சொன்னேன்.

என் கணக்கு இதுதான். பெட்டி, மரச்சாமான் 300 கிலோ. தண்ணீர் 60. பேட்டரி, ஃபிரிட்ஜ், அடுப்பு, சிலிண்டர் சேர்த்து 90. துணி, பாத்திரம், டூல்ஸ் 100. நாங்கள் இரண்டு பேர் 130. கூட்டினால் 700 கிலோவுக்குள். வண்டிக்கு ஆர்.சி.யில் அனுமதித்த சுமைக்குள்ளேயே அடங்குகிறது. மீன் வண்டி போகும்போது பாரம், திரும்பும்போது காலி. நம் வண்டியில் இந்த 700 கிலோ ராத்திரி பகல் இறங்காது. அதற்கு விறைப்பான கமான் வேண்டாம், வளைவு கெடாத கமான்தான் வேண்டும். இரண்டு டன் கமானில் 700 கிலோ வீட்டை வைத்தால் ஒடிசா ரோட்டில் அலமாரிக் கதவு முதல் நம் முதுகு வரை எல்லாம் கழன்றுவிடும்.

கடைசியில் கூடுதல் பட்டையைக் கழற்றினார். மீதியை வளைவு ஏற்றி, புது புஷ், புது சென்டர் போல்ட், கமானை அச்சோடு பிடிக்கிற யூ போல்ட்டும் புதுசு. "500 கிலோமீட்டர்ல வந்து யூ போல்ட்டைத் திரும்ப டைட் வெச்சுக்குங்க" என்றார். சுமை ஏறி அமர்ந்த பிறகு அது தளரும். அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒரே கருத்து.

அப்புறம் டீசல் பம்ப். ஒரு தம்பி, "ஸ்க்ரூவ ஒரு சுத்து சுத்தினா மலையில பறக்கும்ணே" என்றான். டீசல் கூட விழுந்தால் கரும்புகை, டர்போ சூடு, கிளட்ச் செலவு. பறக்க வேண்டியவர்கள் விமானத்தில் போகட்டும். பம்பைத் தொடவில்லை.

தொட்டது ரேடியேட்டரை. அதன் உள் குழாய்க் கூட்டைக் கழற்றி அடைப்பு எடுத்தார்கள். என்ஜினில் தெர்மோஸ்டாட்டே (சூட்டைப் பார்த்துத் தண்ணீரை விடுகிற வால்வு) இல்லை! சூடாகக் கூடாது என்று இங்கே பல மெக்கானிக்குகள் அதைக் கழற்றித் தூக்கிப்போட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் என்ஜின் ஏற வேண்டிய சூட்டுக்கு ஏறாமலே ஓடி டீசல் குடிக்கும். புதுசு மாட்டி, குழாய்த் தண்ணீருக்குப் பதில் கூலண்ட் ஊற்றினோம்.

8 மார்ச், சனி

பெட்டி வேலை தொடங்கியது. மீனுக்குக் குளிர் அறை கட்டுகிறவரிடமே கொடுத்திருக்கிறேன். 50 மில்லிமீட்டர் பஃப் பேனல், அதாவது நடுவில் நுரை, இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர் தகடு. சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ. கேபினுக்கு மேலே நெற்றி போல நீட்டி அதில் படுக்கை. மொத்தம் 20 சதுர மீட்டர், 200 கிலோ. உள்ளே ஓர் அங்குலச் சதுரக் குழாய்ச் சட்டம். குளிர் அறை நகராது, இது குலுங்கும், அதனால் வெறும் ரிவெட்டை நம்பாமல் பசை போட்டு ஒட்டி அதற்கு மேல் ரிவெட்.

ஏப்ரல் 15-க்குள் எல்லாம் முடிய வேண்டும். அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். 61 நாள் சும்மா நிற்கிற மீன் வண்டிகள் எல்லாம் வேலைக்கு வந்து வரிசையில் நின்றுவிடும். நம்மை யாரும் சீண்ட மாட்டார்கள்.

வீட்டுக்காரம்மா இன்று முதல் முறையாகப் பட்டறைக்கு வந்தாள். டேப்பை வாங்கிப் படுக்கைக்கு மேலே அளந்தாள். "என்னங்க, இதுல உக்காந்து தலை கூட வார முடியாதே." கூரையை நாலு அங்குலம் ஏற்றச் சொல்லியாயிற்று. அடுத்தது, "பாத்ரூம் எங்க?" கீழே தொட்டி கழற்றுகிற கையடக்கக் கழிப்பறை, படுக்கைப் படிக்குக் கீழே. பெட்ரோல் பங்க்கை நம்பி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், நியாயம்தான். அதற்கு இடம் விட எனது டூல்ஸ் டப்பா பாதியானது.

15 மார்ச், சனி

ஆர்.டி.ஓ. ஆபீஸ் விஷயம் தெரிந்த நண்பரைப் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகச் சொல்லிவிட்டது. அதனால் சேசிஸில் பெட்டியை வெல்டிங் செய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. பின் பாடி அப்படியே இருக்கும். பெட்டி அதன் மேல் உட்காரும். நாலு மூலையில் டர்ன்பக்கிள் (முறுக்கினால் இறுகுகிற இணைப்பு) போட்டுச் சேசிஸ் கொக்கியோடு இழுத்துக் கட்டுவது. பாடித் தகட்டோடு கட்டினால் முதல் பள்ளத்திலேயே கிழித்துக்கொண்டு வரும். எப்.சி.க்கு நாலு கால் ஜாக்கியில் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு வண்டியை மட்டும் கொண்டுபோகலாம். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டி, வருடா வருடம் எப்.சி. உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருப்பதால் பெர்மிட் தொல்லை மட்டும் இல்லை.

29 மார்ச், சனி

கரன்ட் வேலை. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை வைத்துவிடலாம் என்று மச்சான் சொன்னார். அது ஐம்பது கிலோவுக்கு மேல். 100 ஏஎச் (ஆம்பியர் அவர்) லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி பன்னிரண்டு கிலோ சுமார்தான், அதில் 1,280 வாட் அவர் இருக்கிறது. விலை கசக்கிறது. எடைக்காக எடுத்துக்கொண்டேன். கூரையில் 200 வாட் சோலார், நம் வெயிலுக்கு ஒரு நாளைக்கு 800 வாட் அவர் பக்கம் வரும். ஃபிரிட்ஜுக்கு ஐந்நூறு, ராத்திரி ஃபேனுக்கு இருநூறு, மீதி விளக்கும் போனும். ஏ.சி. கிடையாது. புழுக்கமான ஊரில் ராத்திரி தங்காமல் மலைக்கு ஓடிவிடுவதுதான் ஏ.சி.

ஆல்டர்னேட்டரிலிருந்து லித்தியத்துக்கு நேராக ஒயர் இழுக்கக் கூடாது. அது கிடைத்த கரன்ட்டை எல்லாம் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும். நடுவில் கரன்ட்டை அளவாக விடுகிற டிசி-டிசி சார்ஜர் வைத்தோம், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ்.

சிலிண்டர் பெட்டிக்கு அடித்தட்டில் துளை போட்டேன். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும். ஜன்னல் திறந்திருக்கிறதே என்ற தைரியம் இதற்கு உதவாது.

6 ஏப்ரல், ஞாயிறு

எடை மேடை. தண்ணீர், டீசல் முழுசாக நிரப்பி, இருவரும் ஏறி உட்கார்ந்து ஒரு தடவை. முன் சக்கரம் மட்டும் மேடையில் வைத்து ஒரு தடவை, பின் சக்கரம் மட்டும் ஒரு தடவை. மேடைக்காரர் "என்ன சார், ஐஸ்கிரீம் வண்டியா?" என்றார். மொத்தம் ஆர்.சி. எடைக்குள். பின் அச்சிலும் டயரின் லோடு எண் (டயர் தாங்கும் எடை) அளவுக்குக் கீழேதான். தண்ணீர்த் தொட்டியைப் பின் அச்சுக்குச் சற்று முன்னால் வைத்தது நல்லதாயிற்று, முன் சக்கரம் லேசாகவில்லை.

டீசல் புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் முள்ளோடையில் நிரப்பினேன். ஜனவரியில் புதுச்சேரியில் வாட் வரியை ஏற்றினார்கள், இருந்தும் கடலூரைவிடக் குறைவு. பங்க்கில் எனக்கு முன்னால் நின்றவை எல்லாம் டிஎன் 31, நம் கடலூர் வண்டிகள்.

20 ஏப்ரல், ஞாயிறு

கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு. வண்டியைச் சோதிக்க இதைவிட வேறென்ன வேண்டும்? தனியாக மாட்டிய டெம்பரேச்சர் மீட்டரில் கண் வைத்துக்கொண்டே இரண்டாவது கியரில் ஏறினேன். முள் கொஞ்சம் ஏறியது, ஒரு வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றபோது இறங்கிவிட்டது. பின்னால் வந்த பைக் பையன்களுக்குத்தான் பொறுமை போயிற்று. மேலே போய் நின்றதும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு, டர்போ ஆறிய பிறகுதான் ஆஃப் செய்தேன். ராத்திரி அங்கேயே தங்கினோம். போர்வை தேவைப்பட்டது.

இறங்கும்போதும் அதே இரண்டாவது கியர். அடிவாரத்தில் சூடு பார்க்கிற இன்ஃப்ராரெட் கன்னால் பிரேக் டிரம்மைச் சுட்டுப் பார்த்தேன். பின் வலது 90 டிகிரி, பின் இடது 140. இடது பக்கப் பிரேக் ஷூ உரசிக்கொண்டே வந்திருக்கிறது. நாமக்கல்லில் லாரி பட்டறைக்குப் பஞ்சமா! ஒரு பெரியவர் அட்ஜஸ்டரை நாலு பல் தளர்த்தினார், சக்கரம் கையால் சுற்றியது. "பெட்டி நல்லாருக்கு தம்பி, எவ்ளோ ஆச்சு?" என்றார். சொன்னேன். "அதுக்கு லாட்ஜ்லயே தங்கியிருக்கலாமே."

வீட்டுக்காரம்மா அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

24 ஏப்ரல், வியாழன்

திரும்ப டைட் வைத்தபோது யூ போல்ட் நாலும் கால் சுற்று இறங்கியது. பின் வலது டர்ன்பக்கிள் தளர்ந்திருந்தது, லாக் நட் போட்டாயிற்று. டிஃபரன்ஷியல் ஆயில் இரண்டாவது தடவை இறக்கினோம், தேன் நிறம், தண்ணீர் இல்லை. டீசல் ஃபில்டர் இரண்டு, பேன் பெல்ட் ஒன்று, ரேடியேட்டர் ஹோஸ் ஒரு செட், கிளட்ச் கேபிள் சீட்டுக்கு அடியில்.

அக்னி நட்சத்திரத்துக்கு முன்பு கிளம்பிவிட வேண்டும். திங்கள் காலை காரைக்கால், அங்கிருந்து மேற்கே திரும்பி மாஹே. ஏனாமை மழைக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.