ஒரே ஒரு மார்ச்

அமெரிக்காவின் ஓஹையோவில் ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில், அதாவது இளநிலைப் படிப்புக்கான கல்லூரியில், ஒரு வருடம் உயிரியல் பாடம் எடுத்தேன். நிரந்தரப் பேராசிரியர் ஒருவர் சபாட்டிகல் என்ற ஆராய்ச்சி விடுப்பில் போக, அவர் இடத்துக்கு என்னை எடுத்தார்கள். விசிட்டிங் அசிஸ்டன்ட் புரொபசர் என்று பெயர். ஆகஸ்டில் சேர்ந்தால் மே மாதத்தோடு சரி.

அங்கே முதுகலை மாணவர்கள் கிடையாது. அதனால் லேபுக்கு உதவியாளரும் கிடையாது. அகார் காய்ச்சுவது, மைக்ராஸ்கோப் துடைப்பது, ரிப்போர்ட் திருத்துவது எல்லாம் ஆசிரியர் வேலைதான். மதுரையில் நான் படித்த வகுப்பில் அறுபது பேர். ரெக்கார்டு நோட்டில் தவளையின் குடலை வரைந்து கையெழுத்து வாங்குவதோடு லேப் முடிந்துவிடும். இங்கே இருபத்திரண்டு பேர். இரண்டாவது வாரத்திலேயே எல்லார் பெயரும் மனப்பாடம். யாருக்கு எது புரியவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இப்படிப் பாடம் எடுப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை என்று அங்கேதான் தெரிந்தது.

ஆனால் அமெரிக்காவில் அடுத்த ஆண்டு வேலைக்கான விளம்பரங்கள் செப்டம்பர், அக்டோபரிலேயே வர ஆரம்பித்துவிடும். பெட்டியைப் பிரித்து ஒரு மாதம் ஆகியிருக்காது, அடுத்த ஊருக்கு விண்ணப்பம் எழுத உட்கார வேண்டும். பகலில் வகுப்பு, ராத்திரியில் விண்ணப்பம். குளிர்காலம் அப்படியே ஓடியது.

மார்ச் கடைசியில் ஒரு ராத்திரி நல்ல மழை. குளிரும் கொஞ்சம் விட்டிருந்தது. பல்லி மாதிரி இருக்கும், ஆனால் தவளை இனத்துக்கு உறவான புள்ளி சாலமாண்டர்கள் காட்டிலிருந்து குளத்துக்கு இறங்குவது இந்த மாதிரி ராத்திரியில்தான். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். டார்ச்சில் சிவப்பு செலஃபேன் சுற்றியிருந்தோம். ஈர இலைகள் மேல் வயிறு உரச, ஒவ்வொன்றாக நடந்து வந்தன; கறுத்த உடம்பு, முதுகில் இரண்டு வரிசை மஞ்சள் பொட்டு. கோடையில் வற்றிப்போகும் குளம் என்பதால் மீன் இல்லை, முட்டைக்கு ஆபத்து குறைவு. தண்ணீருக்கடியில் கிடந்த இலைகளில் அரிசி நொய் மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. ஆண் சாலமாண்டர்கள் வைத்துவிட்டுப் போன விந்துப் பொதிகள் அவை. பெண் சாலமாண்டர்கள் வந்து எடுத்துக்கொள்ளும்.

சில வாரம் கழித்து முட்டைக் கொத்துகள் பச்சையாகியிருந்தன. முட்டைக்குள் ஒரு பாசி வளர்கிறது: கருவின் நைட்ரஜன் கழிவு அதற்கு உணவு, அது விடும் ஆக்சிஜன் கருவுக்கு. இது 1888-லேயே பதிவான விஷயம். அந்தப் பாசி கருவின் செல்களுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது என்று ரயன் கெர்னி என்ற உயிரியலாளரும் கூட்டாளிகளும் 2011-இல் வெளியிட்டார்கள். முதுகெலும்புள்ள உயிரில் அப்படி ஒன்றை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அவர் இப்போது பாடம் எடுப்பதும் கெட்டிஸ்பர்க் என்ற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில்தான். இதை வகுப்பில் சொன்னபோது பின் வரிசையில் ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அப்புறம் தினமும் அவளே குளத்துக்குப் போய்க் கொத்துகளை எண்ணி எழுதினாள். ஏப்ரலில் என் அறைக்கு வந்து, "அடுத்த வருடம் சீனியர் தீசிஸ் உங்களிடம் செய்யலாமா?" என்று கேட்டாள். கடைசி வருடத்தில் மாணவர் செய்யும் ஆய்வு அது. நான் இருக்க மாட்டேன் என்றேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. விசிட்டிங் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று மாணவர்களிடம் யாரும் சொல்வதில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை, முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். குளத்துக் கணக்கு பத்து வருடம் எடுத்தால்தான் எதையாவது காட்டும். எனக்குக் கிடைத்தது ஒரு மார்ச்.

ஜூலையில் என் கல்லூரி மின்னஞ்சல் முகவரியை மூடிவிட்டார்கள். நல்லவேளை, கடைசி வகுப்பில் சொந்த முகவரியைப் பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். பரிந்துரைக் கடிதம் கேட்டு இன்னும் எழுதுகிறார்கள். இதுவரை ஏழு பேருக்குக் கொடுத்திருக்கிறேன். கல்லூரியின் லெட்டர்ஹெட் என்னிடம் இல்லாததால், முதல் பத்தியிலேயே எந்த ஆண்டு, எந்தப் பாடம் என்று விளக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு எழுதியதில் இரண்டாவது பத்தி முழுக்கக் குளம்தான்.