விற்ற நாட்டில் ஓட்டு, விலைபோன தீவில் இல்லை

தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் டென்மார்க்கின் பழைய கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் 12.5 லட்சம் ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றவர்கள், எழுபது வருஷம் கழித்துக் கரீபியன் கடலில் வைத்திருந்த செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், செயின்ட் குரோய் என்ற மூன்று தீவுகளையும் அமெரிக்காவுக்கு விற்றிருக்கிறார்கள். விலை 2.5 கோடி டாலர், தங்க நாணயமாக.

அமெரிக்காவுக்கு அந்தத் தீவுகள் மேல் ரொம்ப நாளாகவே கண். அலாஸ்காவை வாங்கிய அதே 1867இல் முதல் ஒப்பந்தம் போட்டார்கள். அப்போது செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான் தீவுகளில் ஓட்டெடுப்புகூட நடந்தது, அங்கே சம்மதம் கிடைத்தும் அமெரிக்க செனட் அதைக் கிடப்பில் போட்டுவிட்டது. 1902இல் மறுபடி முயற்சி. இந்த முறை டென்மார்க் மேலவையில் 32க்கு 32 என்று ஓட்டு சமமாக விழுந்து பேரம் முறிந்தது. அப்புறம் முதல் உலகப் போர் வந்தது, ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்துவிட்டால் செயின்ட் தாமஸின் அருமையான துறைமுகமும் அதன் கைக்குப் போய்விடும், பனாமா கால்வாய்க்குப் போகும் வழியில் ஜெர்மன் கப்பல்கள் நிற்கும் என்ற பயத்தில், விற்காவிட்டால் நாங்களே எடுத்துக்கொள்ள வேண்டி வரலாம் என்கிற அளவுக்கு அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ராபர்ட் லான்சிங் நெருக்கினார். 1916 ஆகஸ்டில் கையெழுத்தானது. கூடவே, கிரீன்லாந்து முழுவதற்கும் டென்மார்க் தன் ஆளுகையை விரிப்பதில் ஆட்சேபம் இல்லை என்று அமெரிக்கா எழுதிக் கொடுத்தது. இப்போது கிரீன்லாந்து பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் காகிதம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

என்னால் தாங்க முடியாதது இதற்குப் பிறகு நடந்ததுதான். விற்கலாமா வேண்டாமா என்று 1916 டிசம்பர் 14 அன்று டென்மார்க்கில் பொது வாக்கெடுப்பு வைத்தார்கள். கோபன்ஹேகனில் இருந்தவர்கள் ஓட்டுப் போட்டார்கள், அந்தத் தீவுகளைக் கண்ணால்கூடப் பார்க்காத டேனிஷ் விவசாயிகள் போட்டார்கள், ஆனால் தீவில் குடியிருந்த சுமார் 26,000 பேருக்கு அந்த வாக்கெடுப்பில் இடமில்லை. அவர்களில் பெரும்பாலோர் யார்? கரும்புத் தோட்டத்துக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விற்கப்பட்டவர்களின் வம்சம். 1848இல் செயின்ட் குரோயில் திரண்டு நின்று விடுதலையைப் பிடுங்கி வாங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். தாத்தாவைத் தனி ஆளாக விலைபேசினார்கள், பேரனை மண்ணோடு சேர்த்துப் பேசினார்கள், ரெண்டு தடவையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செயின்ட் குரோய் மக்கள் தாங்களாகவே ஒரு வாக்கெடுப்பு நடத்தி, அமெரிக்காவோடு சேர விருப்பம் என்று ஏகப் பெரும்பான்மையில் சொன்னார்கள். அதிகாரபூர்வமாக அதற்கு மதிப்பில்லை. ஆனாலும் நம்பித்தானே சொன்னார்கள்!

1917 மார்ச் 31இல் கொடி மாறியது. 1931 வரை அமெரிக்கக் கடற்படைதான் ஆட்சி நடத்தியது, குடியுரிமைச் சட்டம் வரவே 1927 ஆனது. இன்றைக்கும் அந்தத் தீவுகளில் வசிக்கும் அமெரிக்கக் குடிமக்கள் அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு ஒரே ஒரு பிரதிநிதி, அவைக்கு வரும் மசோதா நிறைவேறுமா என்று தீர்மானிக்கும் இறுதி வாக்கெடுப்பில் அவருக்கு ஓட்டு கிடையாது.