பசுமை மின் திட்டம்: விளம்பரத்துக்கு முன் கணக்கேடு

காற்றிலிருந்தும் சூரிய ஒளியிலிருந்தும் கிடைக்கும் மின்சாரத்துக்காக யூனிட்டுக்குச் சிறிது கூடுதலாகக் கொடுக்க முன்வரும் நுகர்வோர், சட்டத்தின் கட்டாயம் எதுவுமின்றித் தம் விருப்பத்தின் பேரிலேயே அந்தப் பணத்தைத் தருகின்றனர். அதற்கு ஈடாக அவர்கள் வீட்டில் விளக்கு கூடுதலாக ஒளிர்வதில்லை, மின்விசிறி வேகமாகச் சுழல்வதும் இல்லை. அவர்களுக்குக் கிடைப்பது மின் நிறுவனம் தரும் ஒரு வாக்குறுதி மட்டுமே. அதனால்தான் இத்தகைய திட்டத்தைத் தொடங்க நினைக்கும் எந்த மின் நிறுவனமும் விளம்பரத்துக்கும் பெயர் சூட்டலுக்கும் முன்பாகக் கணக்கேட்டை ஒழுங்கு செய்ய வேண்டும் என்று கருதுகிறேன்.

மின்தொகுப்புக்குள் நுழைந்த பிறகு காற்றாலை மின்சாரம், நிலக்கரி மின்சாரம் என்ற வேறுபாடு கிடையாது. பசுமைத் திட்டத்தில் சேர்ந்தவர் வீட்டுக்கும் சேராதவர் வீட்டுக்கும் ஒரே கம்பியில் ஒரே மின்சாரமே வருகிறது. ஆகவே இங்கு விற்கப்படுவது உற்பத்தியின் மீதான உரிமை. அந்த உரிமையைக் கைமாற்றவே சான்றிதழ் முறை வந்தது. பெரும்பாலான நாடுகளில் ஒரு சான்றிதழ் என்பது ஒரு மெகாவாட் மணி, அதாவது 1,000 யூனிட். மின்னணுப் பதிவேட்டில் ஒரு சான்றிதழைத் திறந்து பார்த்தால் மின் நிலையத்தின் பெயர், இருப்பிடம், எரிபொருள் வகை, உற்பத்தியான காலம், அதற்கே உரிய தொடர் எண், தற்போதைய உரிமையாளர் ஆகியவை வரிசையாக இருக்கும். நுகர்வோருக்காக அது ஒருமுறை பயன்படுத்தப்பட்டதும் நிரந்தரமாக முடக்கப்படுகிறது. பிறகு யாரும் அதை வாங்கவோ விற்கவோ இயலாது. திட்டத்தின் உயிர்நாடி இந்த முடக்கம்தான்.

ஒரே யூனிட்டை இருமுறை விற்பதற்கான வழிகள் பல, அவை எப்போதும் திட்டமிட்ட மோசடியாக இருப்பதும் இல்லை. கூரையில் சூரியத் தகடுகள் பதித்த ஒரு தொழிற்சாலை, தன் சான்றிதழ்களை விற்றுவிட்ட பின்னும் 'நாங்கள் சூரிய சக்தியில் இயங்குகிறோம்' என்று அறிவித்துக்கொண்டிருக்கலாம். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2012இல் திருத்தி வெளியிட்ட சுற்றுச்சூழல் விளம்பர நெறிகள் இதை ஏமாற்று விளம்பரம் என்றே கொள்கின்றன. இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. மொத்த விநியோகத்தில் குறிப்பிட்ட பங்கைப் புதுப்பிக்கத்தக்க ஆதாரங்களிலிருந்து பெற வேண்டும் என்று சட்டம் விதித்திருக்கும் இடங்களில், அந்தக் கடமைக்காக எப்படியும் வாங்கியாக வேண்டிய மின்சாரத்தையே விருப்பத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கும் மின் நிறுவனம் கணக்குக் காட்டினால், அவர்கள் கொடுத்த கூடுதல் பணத்தால் ஒரு யூனிட்கூடப் புதிதாக உருவாகவில்லை என்றாகிறது. சட்டக் கடமைக்கான கணக்கும் விருப்பத் திட்டத்துக்கான கணக்கும் தனித்தனியே இருப்பதையும், வெளித் தணிக்கையாளர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதையும் தொடக்க ஆவணத்திலேயே எழுதிவைப்பது அவசியம்.

அடுத்த கேள்வி, எந்த நிலையத்தின் மின்சாரம் என்பது. பல பத்தாண்டுகளுக்கு முன் கட்டி முடித்து, முதலீட்டை எப்போதோ மீட்டுவிட்ட நீர்மின் நிலையத்தின் சான்றிதழ்களை வாங்குவது எளிது, மலிவும்கூட. ஆனால் அந்தப் பணத்தால் அங்கே எந்த மாற்றமும் நிகழாது. 1996இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் டிராவர்ஸ் சிட்டியில், நகராட்சிக்குச் சொந்தமான மின் நிறுவனம் 600 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவி, கூடுதல் கட்டணம் தர முன்வந்த நுகர்வோருக்கு அதன் மின்சாரத்தை ஒதுக்கியது. இத்தகைய திட்டங்களில் மிக முந்தையவற்றுள் அதுவும் ஒன்று. தாங்கள் கொடுத்த பணம் சுழல்வதை அந்த நுகர்வோர் நேரில் சென்று பார்க்க முடிந்தது. எல்லா ஊர்களிலும் இது இயலாது என்றாலும், புதிய நிலையங்களுடன் நீண்டகால ஒப்பந்தம் செய்வது அந்த முன்மாதிரிக்கு மிக அருகில் வரும்.

விலையை நிர்ணயிப்பதில் இரண்டு வழிகள் பரவலாக உள்ளன: மாதம் 100 யூனிட் போன்ற கட்டுகளாக விற்பது ஒன்று, பயன்பாட்டின் முழு அளவுக்கும் யூனிட்டுக்கு இவ்வளவு என வசூலிப்பது மற்றொன்று. இவற்றைவிட என்னைக் கவர்ந்தது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஆஸ்டின் நகர மின் நிறுவனத்தின் அணுகுமுறை. அங்கே திட்டத்தில் சேர்ந்தவர்களின் ரசீதிலிருந்து எரிபொருள் கட்டணம் நீக்கப்பட்டு, அந்த இடத்தில் பல ஆண்டுகளுக்கு மாறாத பசுமைக் கட்டணம் வந்தது. காற்றுக்கு எரிபொருள் செலவில்லை என்பதால் ஒப்பந்த விலையும் மாறவில்லை. 2005இல் இயற்கை எரிவாயு விலை எகிறியபோது, சாதாரணக் கட்டணத்தைவிடப் பசுமைக் கட்டணமே குறைவாக இருந்த நிலையும் வந்தது. காற்றாலையின் உண்மையான பொருளாதார இயல்பை நுகர்வோருக்கே உரிமையாக்கிய இந்த ஏற்பாட்டை மற்ற நிறுவனங்கள் போதிய அளவு பின்பற்றவில்லை என்பது எனக்கு வருத்தமே.

எத்தனை பேர் சேர்வார்கள் என்பதில் கருத்துக்கணிப்புகளை நம்பக் கூடாது. கேட்டால் பெரும்பாலோர் ஆம் என்பார்கள். உண்மையில் கையெழுத்திடுவோர் பல திட்டங்களில் நூற்றுக்கு ஓரிருவரே. எனவே கொள்முதலைச் சிறிதாகத் தொடங்குவது நல்லது. ஓர் உதாரணம்: 2,000 வீடுகள் மாதம் சராசரியாக 200 யூனிட் வீதம் வாங்கினால் ஆண்டுக்கு 48 லட்சம் யூனிட், அதாவது 4,800 சான்றிதழ்கள். நிறுவுதிறனில் 20 சதவீத அளவுக்கு உற்பத்தி தரும் இடத்தில் மூன்று மெகாவாட்டுக்கும் சற்றுக் குறைவான சூரிய மின் நிலையம் இதற்குப் போதும். பெரிய அலுவலகம் ஒன்றோ கல்லூரி ஒன்றோ தொடக்கத்திலேயே உறுதி கொடுத்தால், இதே அளவு ஒரே ஒப்பந்தத்தில் எட்டிவிடும். வீட்டு நுகர்வோரை ஒவ்வொருவராகத் தேடிச் செல்லும் விளம்பரச் செலவும் கூடுதல் கட்டணத்தை விழுங்காது. அந்தச் செலவு எதுவாயினும் திட்டத்தில் சேராதவர்களின் கட்டணத்தில் ஏற்றப்படக் கூடாது, குறிப்பாகக் கட்டணம் செலுத்தவே திணறும் குடும்பங்களின் மீது.

ரசீதில் பசுமை யூனிட்டுகளும் அவற்றுக்கான தொகையும் தனி வரியாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை எந்த நிலையத்திலிருந்து எத்தனை யூனிட் வந்தது, எத்தனை சான்றிதழ்கள் முடக்கப்பட்டன என்ற விவரம் ஒவ்வொருவருக்கும் சென்று சேர வேண்டும். காற்று குறைந்த ஆண்டில் பற்றாக்குறை ஏற்படுவது இயல்பு. அப்போது குறிப்பிட்ட மாதங்களுக்குள் வேறு புதிய நிலையத்திடம் வாங்கி ஈடுசெய்வது, அதுவும் இயலாவிட்டால் வழங்க முடியாத யூனிட்டுகளுக்கான கூடுதல் கட்டணத்தை அடுத்த ரசீதிலேயே கழித்துத் தருவது என்ற விதியும், விரும்பும்போது அபராதமின்றி விலகும் உரிமையும் சேர்க்கைப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.