புஜாரா வாங்கிய அடி
இன்று காலை, பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் இந்தியா ஆஸ்திரேலியாவுடன் ஆடிய 2021 டெஸ்டின் ஹைலைட்ஸ் பார்த்தேன். பந்த் அடித்த பவுண்டரிகள் எல்லாம் இருக்கின்றன. புஜாராவுக்கு, ஹெல்மெட்டில் அடிவாங்குவது மட்டும்தான்.

கடைசி இன்னிங்ஸில் புஜாரா எடுத்தது 211 பந்தில் 56.

ரன் எடுக்காமல் தடுத்தே ஆடினால் "கட்டை போடுகிறார்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த அடிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். ஷார்ட் பந்து எகிறும்போது கையைக் கீழே இறக்கிவிட்டு உடம்பில் வாங்குகிறார். மட்டையைத் தூக்கினால் கிளவுஸில் பட்டு, அருகில் நிற்கும் ஷார்ட் லெக்கிடமோ கல்லியிடமோ கேட்ச். விலாவில் பட்டால் வலிதான், விக்கெட் போகாது. ஒரு பந்து விரலைப் பதம் பார்த்ததில் தரையிலேயே படுத்துவிட்டார். எழுந்து மறுபடி கார்டு எடுத்தார்.

ஆஸ்திரேலியாவில் பயன்படுத்தும் கூக்கபுரா பந்தின் தையல் சீக்கிரம் அமுங்கிவிடும்; பிறகு பந்து அவ்வளவாகத் திரும்பி மிரட்டாது. அதுவரை ஒரு முனை விழாமல் இருக்க வேண்டும். மறுமுனையில் கில் 146 பந்தில் 91 அடித்தது அந்தத் தைரியத்தில்தான்.

இரண்டாவது புதுப்பந்து எடுத்ததுமே கம்மின்ஸ் பந்தில் புஜாரா எல்பிடபிள்யூ. இந்தியா 228க்கு 4. வெற்றி இலக்கு 328.

அதற்குள் 80 ஓவர் ஓடிவிட்டது. ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர்கள் ஸ்டார்க், கம்மின்ஸ், ஹேசில்வுட், லயன் நால்வருக்கும் தொடரில் அது ஓய்வே இல்லாத நான்காவது டெஸ்ட், அதன் ஐந்தாம் நாள். பந்த்துக்குக் கிடைத்தது களைத்துப்போன அந்தக் கைகள். 89 நாட் அவுட்.

பந்த்தின் ஆட்டம் எனக்கு உயிர். அந்த 211 பந்தையும் யாராவது முழுசாக வெட்டாமல் போடுங்களேன்.