ரேம் மாற்றுவதற்கு முன் பிஎம்சி லாகைப் பாருங்கள்

எங்கள் டேட்டாபேஸ் சர்வர் நடுராத்திரியில் தானாக ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியதும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பவர் சப்ளை போயிருக்கும், யூபிஎஸ் பேட்டரி வீக், மதர்போர்டையே மாற்றிவிடலாம். லினக்ஸ் லாகில் எதுவும் சிக்கவில்லை. வழக்கமான வரிகள் ஓடிக்கொண்டிருக்கும், அடுத்த வரியிலேயே புது பூட். மெஷின் சட்டென்று விழுந்தால் டிஸ்க்கில் எழுத அதற்கு நேரம் ஏது?

டேட்டாபேஸை ஸ்டாண்ட்பை சர்வருக்கு மாற்றிவிட்டு, முதலில் பிஎம்சியைப் பார்த்தேன். போர்டில் தனியாக இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் அது. சர்வர் விழுந்தாலும் அது விழித்திருக்கும். பிஎம்சியோடு பேச உதவும் ஐபிஎம்ஐடூல் என்ற கமாண்ட் மூலம் அதன் ஈவென்ட் லாகை எடுத்தேன். பவர் பற்றி ஒரு பதிவும் இல்லை. பி2 என்ற ரேம் ஸ்லாட்டில் திருத்த முடியாத ஈசிசி பிழை என்று இருந்தது. ஈசிசி என்பது ரேமில் வரும் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் வசதி. நேரம் மட்டும் இரவு 9.10, சர்வர் விழுந்ததோ 2.40க்கு. பிஎம்சி கடிகாரம் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடியது, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினால் அச்சாகப் பொருந்தியது. லாகை உடனே ஒரு ஃபைலில் சேமித்துக்கொண்டேன். எச்சரிக்கை விளக்கு அணைய வேண்டும் என்பதற்காகவே லாகை கிளியர் செய்கிறவர்கள் நிறைய. இருக்கிற ஒரே சாட்சியும் அதோடு போய்விடும்.

நண்பர் ஒருவர் சொல்லி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் புரோகிராமை ஓட்டினோம், பாஸ். அதை நம்பி ரேம் பக்கம் பிரச்சினையே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. ஈசிசி ரேமில் ஒரு பிட் புரண்டால், ரேமை இயக்கும் மெமரி கண்ட்ரோலரே திருத்திக் கொடுத்துவிடும். பல நேரம் மெம்டெஸ்டுக்கு அது தெரியாமலே போகும். எத்தனை முறை திருத்தியது என்ற கணக்கு, மெமரி பிழைகளைக் கவனிக்கும் இடாக் (EDAC) என்ற லினக்ஸ் பகுதியிடம் இருக்கிறது. ரேமுக்குக் கடும் வேலை கொடுக்கும் ஸ்ட்ரெஸ்ஆப்டெஸ்டை ஓடவிட்டு, பக்கத்து டெர்மினலில் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பி2 மட்டும் ஏறிக்கொண்டே போனது. மற்றவை எல்லாம் பூஜ்யம்.

உடனே புது ரேமுக்கு ஆர்டர் போடத் தயாரானார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, பி2வில் இருந்த ஸ்டிக்கையும் ஏ2வில் இருந்ததையும் இடம் மாற்றிப் போட்டு அதே சோதனையை ஓட்டினேன். ஸ்டிக் கெட்டிருந்தால் பிழையும் அதோடு ஏ2வுக்குப் போக வேண்டும். போகவில்லை, பி2விலேயே நின்றது. ஸ்லாட்டைச் சுத்தம் செய்தும் அப்படியே.

இன்றைய சர்வர்களில் மெமரி கண்ட்ரோலர் சிபியுவுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் ஸ்லாட்டுக்கான இணைப்பு சிபியுவின் அடியில் உள்ள புள்ளிகள் வழியாகத்தான் போகிறது. பராமரிப்புக்கு வந்தவர்கள் சமீபத்தில் சிபியுவுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றியிருந்தார்கள். ஹீட்சிங்கைக் கழற்றி, சிபியுவைத் திருப்பி டார்ச் அடித்தேன். தங்க நிறப் புள்ளிகளின் ஓரத்தில் கடுகளவு சாம்பல் பூச்சு, பேஸ்ட் ஒட்டியிருந்தது! ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தேன். சாக்கெட் பின்களைத் தொடவில்லை, வளைவு ஏதும் இல்லை என்று லென்ஸ் வைத்துப் பார்த்ததோடு சரி. ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களை அதன் லேபிளில் போட்டிருந்த வரிசையிலேயே முடுக்கினேன். ஒரு பக்கம் மட்டும் இறுகினாலும், சிபியுவிலிருந்து ரேமுக்குப் போகும் மெமரி சேனல் தகராறு செய்யலாம்.

இரவு முழுக்க ஸ்ட்ரெஸ்ஆப்டெஸ்ட் ஓடியது. காலையில் பி2வும் பூஜ்யம். ரேம் வேண்டாமென்று சொல்லிவிட்டு டேட்டாபேஸைத் திரும்பக் கொண்டுவந்தோம். அந்த எண் இனி ஏறினால் எனக்கு மெயில் வரும்படி வைத்திருக்கிறேன்.